வைத்துக்கொண்ட பதில்

கையில்லாமல் தட்டப்படுகிற கதவைத் திறந்து, ஆளில்லாத வராந்தாவைப் பார்த்து 'நல்லா இருக்கோம்' என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல அடுப்படிக்குத் திரும்பிப் போகிற ஜனங்கள் பாளையங்கோட்டையில் எங்கள் செம்பருத்தி பிளாட்ஸைத் தவிர வேறெங்காவது இருந்தார்களா என்று தெரியாது. இருந்திருந்தால் அவர்களும் எங்களைப் போலவே முதலில் பயந்து, பிறகு பெருமைப்பட்டு, பிறகு சலித்துக்கொண்டிருப்பார்கள். மனுசப் பிறவி எந்த அதிசயத்தையும் அதற்கு மேல் தாங்குவதில்லை.

இரண்டாவது மாடி பியூலாதான் குடியிருப்போர் சங்கத்துக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தவள். புருசன் கப்பலில். அவள் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை விரித்துவைத்துக்கொண்டு எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனிக்கு வலைப்பக்கங்கள் எழுதிக்கொடுப்பாள். தண்ணீர் எப்போது வரும், லிஃப்ட் எப்போது ஓடும், யார் வீட்டில் துக்கம் என்று மூன்று விஷயம் தெரிந்தால் போதும் என்றுதான் செக்ரட்டரி தாவீது சார் கேட்டார். கேட்டதை மட்டும் செய்கிற ரகமில்லை பியூலா. பக்கத்தின் உச்சியில் சின்னதாக ஒரு பெட்டி வைத்தாள். அவர்கள் தொழிலில் அதற்குக் காம்பொனென்ட் என்று பெயராம். செங்கல் செங்கலாக வீடு கட்டுவதுபோல அதை வைத்துத்தான் பக்கத்தைக் கட்டுவார்களாம். அதற்கு 'நலமா' என்று பெயரும் வைத்தாள். ஒரு வீட்டின் எண்ணைத் தொட்டால் அந்த வீட்டுக்காரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அது காட்டும், அவரவர் நலத்தை அவரவரே தட்டெழுதி வைக்கவேண்டும், இதுதான் ஏற்பாடு.

பெட்டியை ஏற்றிய நாளிலிருந்து அது யாரும் எழுதும்வரை காத்திருக்கவில்லை. கீழே லிஃப்டுக்குள் நின்றோ, தோஹாவில் கட்டில்மேல் படுத்தோ, எங்கிருந்தோ யாரோ ஒருவர் ஒரு வீட்டின் எண்ணைத் தொட்டால் அந்த நொடியே அந்த வீட்டுக் கதவு விரல் முட்டியால் தட்டினதுபோலத் தட்டப்பட்டது. திறந்தால் வராந்தாவில் வெயில்தான் நிற்கும். ஆனாலும் திறந்தவர் வாய் தானாகத் தன் நிலைமையைச் சொல்லும், சொன்னது கதவைச் சாத்துவதற்குள் பக்கத்தில் வந்துவிடும், தோஹாவில் படுத்திருக்கிறவர் படித்துவிட்டுத் திரும்பிப் படுப்பார்.

இது எப்படி என்று பியூலாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. வாரண்டி இருக்கிறதா என்று மட்டும் தாவீது சார் கேட்டார். சர்ச்சிலிருந்து போதகர் ஐயர் வந்து, தட்டுகிறது யார் என்று கேளாமல் திறக்கிற இருதயம் பெரிய இருதயம் என்று ஜெபித்துவிட்டு, அடுக்கடுக்காகத் தட்டினதில் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். முதல் மாடி மைமூன் அக்கா தன் தம்பியின் தட்டை மற்ற தட்டுகளிலிருந்து பிரித்துச் சொன்னாள். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தட்டுகிறவனின் தட்டில் ஒரு தொங்கல் இருக்குமாம். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டுக் கதவு ஆவணி முழுக்க ஓயவில்லை. அந்த வீட்டம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டே தோசை சுட்டாள். கதவில் ஸ்பாஞ்ச் ஒட்டினவர்கள் உண்டு, கதவைக் கழற்றித் திரை போட்டவர்களும் உண்டு, திரை ஓரத்துச் சுவர் தட்டப்பட்டது.

கான்வென்டில் படித்தவர்களுக்கு இதில் கஷ்டமே இருந்திருக்கக் கூடாது. 'ஹவ் ஆர் யூ' என்று சிஸ்டர் வாயைத் திறக்கிற முன்னாலேயே 'ஃபைன், தேங்க் யூ சிஸ்டர்' என்று எழுந்து நின்று பாடப் பழக்கப்பட்டவர்கள் அல்லவா. ஆனால் வராந்தா அப்படிப் பாட விடவில்லை. திறந்தவுடன் நிஜம்தான் வந்தது. 'முட்டி வலிக்குது, மருமக பேசமாட்டேங்கா, குக்கர் வாஷர் போச்சு' என்று ஆளில்லாத இடத்தில் ஒப்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தவேண்டியிருந்தது.

சீக்கிரமே முணுமுணுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற நர்ஸ் பாக்கியம், எழுந்து எழுந்து பதில் சொல்லி, கடைசியில் ஒரு நாள், நிஜம் வாயில் வருமுன் முந்திக்கொண்டு, வராந்தாவைப் பார்த்து, 'நான் செத்துப் போயிட்டேன், பதினோரு மணிக்கு எடுக்காவ, வந்து சேருங்க' என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். மாலையோடு வந்த சொந்தக்காரர்கள் அவளைச் சும்மா விடவில்லை.

தாவீது சார் மொட்டைமாடியில் கூட்டம் போட்டார். பியூலா எழுந்து, "இதுக்கு ஒரு வழி இருக்கு சார், ஆனா செய்யணுமா வேண்டாமான்னு எனக்கே தெரியல. நலமா பெட்டிக்கு கேஷ் போடலாம்" என்றாள்.

"அதான பாத்தேன்" என்றார் தாவீது சார். "எவ்வளவு ஆகும்?"

"அந்த கேஷ் இல்ல சார். இது பதிலை எடுத்து வச்சுக்கிடறது. ஒரு தடவை தட்டிப் பதில் வாங்கிட்டா, அதைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, பெறவு யார் பாத்தாலும் அதையே காட்டிரும். தட்டவே தட்டாது."

"பைசா செலவில்லாம நடக்குமா?"

"நடக்கும் சார்."

"இதைப் போயி ஏம்மா முதல்லயே செய்யல?"

பியூலா சரியாகத்தான் சொன்னாள், அவள்மேல் பழிபோட எங்களுக்கு வழியில்லை. "வச்சுக்கிட்ட பதில் பழசாயிரும் சார். மூணு நாளைக்கு முந்தி நல்லா இருந்தவங்க இன்னைக்கு நல்லா இருக்காங்களான்னு அதுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் வச்சுக்கலாம்னு நாமதான் சொல்லணும்."

அங்கேதான் எங்கள் அறிவு பொங்கிவிட்டது. பதில் எவ்வளவு நேரம் தாங்கும்? சாம்பார்போலச் சாயங்காலம்வரை என்றார் ஒருவர். தோசை மாவுபோல மூன்று நாள், கொஞ்சம் புளித்தால் தப்பில்லை என்றாள் மைமூன் அக்கா. அப்பளம் என்றார் ஒருவர், கருவாடு என்று இன்னொருவர் ஏலம்விட்டார். பாக்கியம் கொட்டாவியை அடக்காமலேயே, "நல்லா இருக்கேங்கிறது என்ன, கெட்டுப்போற சரக்கா? ஊறுகா மாதிரி வையி. யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா ஆம்புலன்ஸ் சத்தம் கேக்காமலா போயிரும்?" என்றாள். எல்லோரும் சிரித்தோம், ஊறுகாய் என்றே முடிவானது.

வேண்டாம் என்று சொன்னது ஆவுடையம்மாள் ஒருத்திதான். தரைத்தளத்துப் பின்பக்கத்து வீடு. புருசன் சங்கரலிங்கம் டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடையை மூடிவிட்டு பம்பாய்ப் பக்கம் வியாபாரம் என்று போயிருந்தார். கை தாராளமான வீடு. கார்த்திகைக்குப் பொரி உருண்டை, தீபாவளிக்கு முந்திரிக்கொத்து என்று கிறிஸ்தவ வீடு துலுக்கவீடு பார்க்காமல் தட்டு தட்டாக அனுப்பினவள். கொடுத்துப் பழகின வீட்டைப் பார்த்தால் வாங்கினவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் இருக்கத்தான் செய்யும்.

"கதவுன்னு ஒண்ணு இருந்தா தட்டத்தான செய்யும்" என்றாள் அவள், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "தட்டிட்டுப் போகட்டுமே. நான் திறக்கேன்."

"ஒங்களுக்கென்ன மைனி, ஒத்த ஆளு. பொழுதுபோகும்" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். அது யார் குரல் என்று இப்போது கேட்டால் எல்லோரும் பக்கத்தில் இருந்தவரைக் காட்டுவோம்.

மறுநாள் காலையில் எல்லாக் கதவும் கடைசியாக ஒருமுறை தட்டப்பட்டது. அவரவர் சொன்னதைப் பெட்டி எடுத்து வைத்துக்கொண்டது. தரைத்தளத்துப் பின்வீட்டுப் பதில் இப்படி இருந்தது: 'அரிசி நிறைஞ்சிருக்கு. எண்ணெய் நிறைஞ்சிருக்கு. எல்லாம் நிறைஞ்சிருக்கு.'

எப்படி இருக்கீங்க என்று கேட்டால் சரக்கறைக் கணக்குச் சொல்கிறாளே என்று சிரித்தோம். பெரிய வீட்டுப் பவிசு என்றாள் ஒருத்தி. 'எல்லாம் நிறைஞ்சிருக்கா மைனி' என்று லிஃப்டுக்குள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது கொஞ்ச நாள் எங்களுக்குப் பெரிய நகைச்சுவையாக இருந்தது. மொட்டைமாடியில் காய்ந்த துணியோடு ஆவுடையம்மாளும் ஒருநாள் அந்த லிஃப்டில் இருந்தாள். சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை, தரைத்தளம் வந்ததும் இறங்கிப் போனாள்.

அதன்பிறகு என்ன ஒரு அமைதி. பாக்கியம் சாயங்காலம்வரை தூங்கினாள். ஸ்பாஞ்சைப் பிய்த்தார்கள், கதவுகளைத் திரும்ப மாட்டினார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்ப் பக்கத்தைத் திறப்பதையும் விட்டோம், அதே பதில்தானே இருக்கப்போகிறது. மைமூன் அக்காவின் பதிலில் அவள் தொண்டைவலி ஆறின பிறகும் வலித்துக்கொண்டே இருந்தது. பல்லைப் பிடுங்கினவருக்கு இணையப் பக்கத்தில் இன்னும் பல் இருந்தது. மழைக்காலம் வந்தது. கதவு தட்டினால் அது பால்காரர்தான் என்ற பழைய உலகத்துக்குள் நாங்கள் போர்வையை இழுத்துக்கொண்டு போய்விட்டோம்.

பியூலாவுக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை. ஒருநாள் தாவீது சாரிடம் போய், "சார், பதிலெல்லாம் ரொம்பப் பழசாயிட்டு. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது தட்டட்டுமே" என்றாளாம். "நீ வேற ஏம்மா, இப்பதான் மனுசன் நிம்மதியா பேப்பர் படிக்கான்" என்றாராம் அவர். அவளும் சரி என்று வந்துவிட்டாள். எழுதினவள் அவள், ஒரு வரி மாற்றினால் முடிந்திருக்கும், யாரையும் கேட்டிருக்கவேண்டாம். இதைப் பின்னால் அவளே சொன்னாள், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல்.

ஐப்பசி முடிகிற வாக்கில் ஒரு பெரிய இடி விழுந்தது. பியூலாவின் மேசைமேல் எல்லாம் அணைந்து, திரும்ப எரிந்தது. வைத்துக்கொண்ட பதில்கள் அந்த நொடியில் அழிந்துபோயின. அவை அப்படித்தானாம், கரண்டோடு இருந்து கரண்டோடு போகும். பெட்டி வெறுமையாக விழித்துக்கொண்டது, வெறுமையாக இருந்தால் அது கேட்கத்தானே வேண்டும், காலை ஒன்பது மணிக்குக் கட்டடம் முழுக்க எல்லாக் கதவையும் தட்டியது. திட்டிக்கொண்டே திறந்தோம், சொன்னோம், சாத்தினோம். ஒவ்வொரு வீடாகப் பதில் வந்து நிரம்பியது. தரைத்தளத்துப் பின்வீட்டுக்கு நேராக மட்டும் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. பதினோரு மணிக்கும் அது சுற்றியது. கோயிலுக்குப் போயிருப்பாள் என்றோம்.

பியூலா அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று எழுந்து, செருப்புகூடப் போடாமல் இறங்கினாள்.

பின்வீட்டுக் கதவு தாழ்போடாமல் சாத்தியிருந்தது. ஆவுடையம்மாள் அடுப்படித் தரையில், எழுந்திருக்கப் போனவள் பாதியில் உட்கார்ந்ததுபோலச் சுவரில் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. சுற்றிலும் அரிசி டின், பருப்புத் தூக்கு, எண்ணெய்ச் செம்பு எல்லாம் புளிபோட்டுத் துலக்கி, கண்ணைப் பறிக்கிற மாதிரிப் பளபளவென்று வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது. பாத்திரக்கடைக்காரர் வீட்டுப் பாத்திரங்கள். ஒன்றில்கூட ஒரு தானிய மணி ஒட்டியிருக்கவில்லை.

"தட்டுச்சு" என்றாள் ஆவுடையம்மாள், குற்றம் செய்தவள்போல. "எந்திரிக்கத்தான் நெனச்சேன்."

பாக்கியத்தை எழுப்பி இழுத்துவந்தார்கள். நைட்டியோடு ஓடிவந்து, நாடி பிடித்து, குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, "வயித்துல ஒண்ணுமில்ல. ரொம்ப நாளா அரையும் கொறையுமாத்தான் ஓடிருக்கு" என்று சொன்னவள், ஊறுகாய் என்று தான் சொன்னது நினைவுக்கு வந்துதானோ என்னவோ, அதன்பிறகு அன்றைக்கு முழுக்க வாயே திறக்கவில்லை. பாக்கியம் வாய் திறக்காமல் இருந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

எங்களில் பாதிப்பேருக்கு அங்கே, அந்த டின்களின் முன்னால்தான் விளங்கியது. அவள் பிறந்த வீட்டில் 'இல்லை' என்ற சொல்லை அடுப்படியில் சொல்லமாட்டார்கள். அரிசி தீர்ந்தால் 'அரிசி இல்லை' என்றால் வீட்டைவிட்டு லட்சுமி போய்விடுவாள், அதனால் 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்பார்கள், கேட்கிறவர்கள் புரிந்துகொண்டு அரிசி வாங்கிவருவார்கள். மீதிப் பாதிக்கு விளங்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர்களுக்கு முன்பே தெரியும். அவர்கள் அம்மாக்களும் அப்படித்தான் பேசினவர்கள், விளக்கை அணை என்றுகூடச் சொல்லாதவர்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால், குரல் இறங்கினதைக் காதால் கேட்டிருந்தால் அந்த நொடியே படி அரிசியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். பக்கத்தில் எழுத்தாக நின்றபோது அது பவிசாகப் போய்விட்டது, அதை எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினோம், காட்டிச் சிரித்தோம்.

அன்றைக்கே பியூலா கேஷை எடுத்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை, தாவீது சாரும் கேட்கவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

வெட்கப்பட்டவர்கள் என்ன செய்வார்கள்? நேரில் போய் உட்கார முகம் இருக்காது. போனால் அந்த டின்களைப் பார்க்கவேண்டும், 'மைனி' என்று கூப்பிட்ட வாயால் ஏதாவது சொல்லவேண்டும். ஆகவே நாங்கள் பக்கத்தைத் திறந்தோம். பல்துலக்கும்போது திறந்து பின்வீட்டு எண்ணைத் தொட்டோம், நல்லா இருக்கேன் என்று வந்தது, மனசு ஆறியது. காபி குடிக்கும்போது ஆறவில்லை, திரும்பத் தொட்டோம். பஸ்ஸில் நின்றபடி, ஆபீஸில் ஃபைலுக்குக் கீழே, ஆலயத்தில் வேதப்புத்தகத்துக்கு நடுவே ஒளித்துவைத்து என்று தொட்டோம். வெளியூர்ச் சொந்தங்களுக்கும் கதை போய், அவர்களும் தொட்டார்கள். ஆவுடையம்மாளின் கதவு தகரக் கூரையில் மழை விழுந்ததுபோல விடாமல் தட்டப்பட்டது, பெயின்ட் உதிர்ந்தது, மேல்கீல் ஆணி கழன்றது. கழன்ற ஆணியை நாங்கள் மேலிருந்து எட்டிப் பார்த்தோமே தவிர இறங்கவில்லை. அவள் வீட்டு வாசலில் அரிசிப் பைகளை யாரும் பார்க்காதபோது வைத்துவிட்டு மாடிக்கு ஓடினவர்கள் நிறையப்பேர். அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. பாக்கியம் நீட்டிவிட்டுப் போன கஞ்சியை மட்டும், அதுவும் மருந்து என்று நினைத்துக்கொண்டுதான், குடித்தாள். பைகளை அணில்கள் கிழித்தன. தட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, 'நல்லா இருக்கேன்' என்றாள். எங்கள் வாயிலிருந்து நிஜத்தைப் பிடுங்கிய அந்த வராந்தா அவளிடம் அதற்குமேல் ஒரு சொல்லையும் வாங்க முடியாமல் நின்றது.

ஒரு நாள் உச்சிவேளையில் அவள் படியேறி இரண்டாவது மாடிக்கு வந்தாள். பியூலா மேசையைவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

"எக்கா, லிஃப்ட்ல வரக்கூடாதா?"

"லிஃப்டுக்குள்ள யாராவது நிப்பாக. பாவம், அவுகளுக்குத்தான் கஷ்டம்." மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏ பிள்ள, அந்தத் தட்டை நிறுத்து."

"ஒங்களைத் தனியா விட்டுரக் கூடாதுன்னுதான்க்கா..."

"கக்கூசுக்குப் போக விடுதியளாட்டீ? கண்ண மூட விடுதியளா? அம்புட்டுப் பேரும் பாக்குதிய. ஒருத்தரும் வரக் காணோம்."

பியூலாவுக்குக் காதுமடல் சிவந்தது. திரையைப் பார்த்தபடியே, "தட்டாம இருக்கணும்னா திரும்பவும் பதிலை வச்சுக்கிடணும்க்கா. எனக்குக் கைகூசுது. போன தடவை அதை வச்சுத்தான்..." என்றாள்.

"போன தடவை நீ எனக்குக் கேடு நெனச்சா செஞ்ச?"

"நெனைக்கல. ஆனா தெரிஞ்சேதான் விட்டேன். பழசாயிட்டுன்னு எனக்குத் தெரியும். சண்டை போட வெக்கப்பட்டுக்கிட்டு விட்டுட்டேன்."

ஆவுடையம்மாள் மேசைமேல் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். "மொதல்ல நான் ஏன் வேண்டாம்னேன் தெரியுமா?" என்றாள்.

"பொழுது போகும்னா?"

"எங்க வீட்டுக்காரவுக எங்கன இருந்தாவது பாப்பாகளோன்னு. அவுக தட்டு எனக்குத் தெரியும். பொறுமை கெடையாது, உள்ளங்கையால அடிப்பாக. ஒவ்வொரு தட்டுக்கும் ஓடி ஓடித் திறந்தேன். அவுக படிச்சா மனசு சங்கடப்படக் கூடாதேன்னுதான் எல்லாம் நிறைஞ்சிருக்குன்னு சொன்னேன். அவுகளுக்கு மட்டும் வெளங்கும், வந்துருவாகன்னும் நெனச்சேன். ரெண்டையும் சேத்துத்தான் நெனச்சேன், பைத்தியம் மாதிரி." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "இந்தப் பத்து நாளும் ஊரே தட்டுச்சு. அந்தத் தட்டு மட்டும் வரக் காணோம்."

கீழே கட்டடத்தின் அடியில், ஆளில்லாத வீட்டின் கதவு தட்டப்பட்டுக்கொண்டிருந்த சத்தம் இரண்டாவது மாடிவரை வந்தது.

பியூலா விரல்களைப் பலகைமேல் வைத்தாள். "என்ன பதிலை வச்சுக்கிடட்டும்க்கா? நல்லா இருக்கேன்னே வச்சிரவா? யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ."

ஆவுடையம்மாள் வாயைத் திறந்து மூடினாள். சொல்ல வந்தது அவள் வாயில் புழங்காத சொல். கல்யாணமாகி வந்ததிலிருந்து, உப்புக்கும் புளிக்கும்கூட, அடுப்படியில் நின்று அவள் சொல்லியிராத சொல். ஒரு வயதான உடம்பு மதில் ஏறுவதுபோல அவள் உதடு அதன்மேல் ஏறியது, சறுக்கியது, திரும்ப ஏறியது.

"அரிசி," என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அரிசி இல்லை."

பியூலா பலகையிலிருந்து விரல்களை எடுத்தாள்.

"எண்ணெய் இல்லை. பருப்பு இல்லை. கேஸும் இல்லை, அது போன மாசமே தீந்துட்டு." முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "அவுக இல்லை. உசுரோடதான் இருப்பாக, எங்கேயோ. எனக்கு இல்லை. போயிட்டு வாரேன்னு சொன்னாக, வரமாட்டாக."

சொல்லிமுடித்ததும் லட்சுமி எழுந்து போகிற சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தவள்போல வாசல்பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"இதை," என்றாள் பியூலா. "இதையாக்கா வைக்கணும்?"

"இதத்தான். ஒரு தடவைதான் நான் சொல்லுவேன். தட்டுதவுக ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கிட்டிருக்க என் வாயால ஆகாது. நீ வச்சுக்கோ. கேக்குதவுகளுக்கு நீ காட்டு."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாளென்ன நாளு. மாறுனா நானே படியேறி வந்து சொல்லுதேன். அதுவரைக்கும் இருக்கட்டும்."

பியூலா எழுதினாள். மற்ற வீடுகளுக்கு, வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்பதைப் பதில் சொல்கிறவர்தான் சொல்லவேண்டும், கேட்கிறவர் அல்ல என்றும் அன்றைக்கே மாற்றி எழுதினாள். கீழே தட்டுச் சத்தம் நின்றது. அந்த மத்தியானம் வழக்கம்போல மனசு ஆற்றிக்கொள்ளப் பக்கத்தைத் திறந்து பின்வீட்டு எண்ணைத் தொட்ட நாங்கள் அத்தனைபேரும் அந்த வரிகளைப் படித்தோம். திரும்பத் தொட்டோம், அதுவே இருந்தது. நல்லா இருக்கேன் என்று யாரும் எங்களுக்குச் சொல்லப்போவதில்லை. பார்த்தால் தட்டாது, பார்த்தது அவளுக்குத் தெரியவும் தெரியாது, இனி கால் இருக்கிறவர்கள் காலால் நடந்து போனால்தான் உண்டு. அன்றைக்கு முதலில் போனது பாக்கியம். தலைகூட வாராமல், ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, கழன்ற கீலை அடிக்கப் போனாள். பூட்டின வீட்டு வாசலில் ஆள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிவந்து அவள் பக்கத்தில் நின்றார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

மாடியில் பியூலா தட்டைக் கழுவிச் சோறு போட்டாள். ஆவுடையம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் முதல் கவளத்தை எடுக்கும்போது பியூலா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அத்தனைபேரும் பார்த்துத் தள்ளியிருந்த ஒருத்தி சாப்பிடும்போதாவது பார்க்கப்படாமல் இருக்கட்டும் என்றுதான். தட்டில் விரல் உரசுகிற சத்தம் வந்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக.

"இன்னும் கொஞ்சம் போடு பிள்ள" என்றது பின்னாலிருந்து. "ரசம் இருக்கா?"

"இல்லைக்கா. மோர்தான் இருக்கு."

"மோரை ஊத்து."